மேரிஜோசப்பினுக்கு நான் விடை கொடுக்க வரவில்லை

பெருமதிப்புக்குரிய விழாத் தலைவர், எங்கள் கிராமச் சபைத் தலைவர் ஐயா அவர்களே, நடுக் கதிரையை நிறைத்து வீற்றிருக்கும் கடற்செல்வம் கம்பனியின் உரிமையாளர் திரு. இரத்தினசபாபதி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கோயில் குருக்கள் ஐயா அவர்களே, ஊர்காவற்றுறையிலிருந்தும் அல்லைப்பிட்டியிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, விடிய முன்னம் அடுப்பு மூட்டி, பொழுதெல்லாம் இறால் உரித்து, பொழுதுபட வீடுபோய் மறுபடியும் அடுப்பு மூட்டும் என் தாய்மார்களே, சகோதரிகளே, கடல் கடந்து நயினாதீவிலிருந்து வந்திருக்கும் அன்பர்களே, இந்த விழாவை ஒழுங்குசெய்து, என்னையும் பேச அழைத்து, இன்னும் சற்று நேரத்தில் அழைத்தமைக்காக வருந்தப்போகும் முகாமையாளர் திரு. விநாயகமூர்த்தி அவர்களே, எல்லோருக்கும் மேலாக, கழுத்து நிறைய மாலையும் தோள் நிறையப் பொன்னாடையுமாக, யாரோ வீட்டுக் கலியாணத்துக்கு வந்தவரைப்போல மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் எங்கள் மேரிஜோசப்பின் அவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தப் பர்வதவர்த்தினியின் பணிவான வணக்கம்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். மூவரும் முத்தமிழையும் பிழிந்து முதலாளியின் காலடியில் ஊற்றினார்கள். கருணைக் கடல் என்றார் ஒருவர். வாரி வழங்கும் வள்ளல் என்றார் இன்னொருவர். மூன்றாமவருக்கு உவமை கிடைக்கவில்லை. அதனால் இரண்டையும் திரும்பச் சொன்னார். சிரிக்காதீர்கள். அவர் பாவம், அவசரத்தில் அழைக்கப்பட்டவர்.

நான் அவசரத்தில் அழைக்கப்பட்டவள் அல்ல. போன கிழமை முகாமையாளர் அவர்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். "ரீச்சர், எங்கடை கம்பனிப் பிள்ளை ஒண்டுக்குப் பிரியாவிடை வைக்கிறம். நீங்கள் உங்கடை தமிழிலை கொஞ்ச நேரம் வாழ்த்திப் பேசவேணும். சனம் கண் கலங்கவேணும்" என்றார். கண் கலங்கவேண்டும் என்று இறால் பெட்டிக்கு ஓடர் கொடுப்பதுபோலச் சொன்னார். நானும் ஓம் என்றேன்.

ஒருவரை வாழ்த்துவதென்றால் அவரை அறியவேண்டாமா? அதற்காக அல்லைப்பிட்டிக்குப் போனேன். மேரிஜோசப்பின் குசினியில் இருந்தா. திருவலையைக் காலால் அமத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் எழும்பி, அதே இடது கையால் கதிரையை இழுத்துப் போட்டா. தாய் சூசையம்மா தேத்தண்ணி கொண்டுவந்தா. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். உம்மைப்பற்றி நாலு நல்ல வார்த்தை பேசப்போகிறேன், பிள்ளை, உமக்குப் பிரியாவிடையாமே என்றேன்.

அவ என்னைப் பார்த்தா. கோபமாகப் பார்க்கவில்லை. விளங்காமல் பார்த்தா.

"ரீச்சர், நான் வேலையை விடேல்லையே. என்னத்துக்கு எனக்குப் பிரியாவிடை?"

சபையோரே, நான் பல மேடைகள் ஏறியவள். எதிர்க்கேள்விகளுக்கு அஞ்சாதவள். அந்தக் கேள்விக்கு மட்டும் பதிலை உங்களிடம் கேட்க வந்திருக்கிறேன். உங்களில் யாரிடமாவது இருக்கிறதா? மேடையில் இருப்பவர்களிடம் இருக்கிறதா? பிரியாவிடை என்கிறார்களே, எத்தனை அழகான சொல். இரண்டு பக்கமும் பிரிய மனமில்லாமல் பிரிவதற்குத்தான் தமிழர் அந்தச் சொல்லைப் படைத்தார்கள். ஒரு பக்கம் பிரிய மாட்டேன் என்று நிற்க, மறுபக்கம் கழுத்தில் மாலையைப் போட்டு வாசலுக்கு வெளியே தள்ளுவதற்குத் தமிழில் வேறு சொற்கள் உண்டு. அவற்றைப் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பிப்பதில்லை.

என்ன, விநாயகமூர்த்தி அவர்களே? நேரமா? நேரம் இருக்கிறது. இனித்தான் வாழ்த்தத் தொடங்கப்போகிறேன்.

வாழ்த்துவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவேண்டும். இங்கே பேசிய மூவரும் "அந்தத் துரதிர்ஷ்டவசமான சம்பவம்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்கள். வானத்திலிருந்து விழுந்ததா அந்தச் சம்பவம்? கடலிலிருந்து எழும்பியதா?

கம்பனியின் பின் கொட்டிலில் ஐஸ் அரைக்கிற மெசின் ஒன்று இருக்கிறது. ஐஸ் பாளத்தை மேலே போட்டால் உள்ளே பல்லுச் சக்கரம் சுற்றும், கீழே பொடியாகக் கொட்டும். அந்தப் பொடியில்தான் இறாலை அடுக்கிக் கொழும்புக்கு ஏற்றுகிறார்கள். அந்த மெசினுக்கு ஒரு இரும்பு மூடி உண்டு. செய்தவன் சும்மா செய்யவில்லை. கை உள்ளே போகாமல் இருக்கச் செய்தான். ஆனால் மூடி இருந்தால், ஐஸ் சிக்குகிற நேரமெல்லாம் மெசினை நிற்பாட்டி, மூடியைத் திறந்து, கட்டியை எடுத்து, மறுபடி ஓடவிடவேண்டும். மார்கழி மாதம், இறால் குவிகிற காலம். லொறி வாசலில் நிற்கிறது. மூடியைக் கழற்றி வையுங்கோ, ஓட ஓடத் தட்டிவிடலாம் என்று கட்டளை வந்தது. யாருடைய கட்டளை என்று நான் சொல்லமாட்டேன். கட்டளையிட்டவர் இப்போது சோடா குடித்துக்கொண்டிருக்கிறார்.

மெசினில் வேலை செய்தவர்கள் இருவர். ஒருவர் மேரிஜோசப்பின், மற்றவர் எமிலி. கட்டி சிக்கியது. மேரிஜோசப்பின் தடியால் தட்டினா. தடி வழுக்கியது. சட்டைக் கையைச் சக்கரம் பிடித்தது. எமிலி ஓடிப்போய்ச் சுவிச்சை அடித்திருக்காவிட்டால் இன்று நாங்கள் கூடியிருக்கும் கூட்டம் வேறு கூட்டம். அந்த எமிலி, தன் சேலைத் தலைப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டி, லொறிக்காரனிடம் போய், இறாலை இறக்கு, இவளை ஏற்று என்றா. லொறிக்காரன் முகாமையாளரைப் பார்த்தான். முகாமையாளர் லொறியைப் பார்த்தார். ஏற்றிய பெட்டிகளைப் பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் பெண்கள் பெட்டிகளைத் தாங்களே நிலத்தில் இறக்கிவிட்டார்கள். லொறி ஆசுப்பத்திரிக்கு ஓடியது.

கைதட்டவேண்டாம். இது கைதட்டுகிற இடமல்ல.

உயிரை டொக்டர்மார் காப்பாற்றினார்கள். வலது கையை மணிக்கட்டோடு எடுக்கவேண்டி வந்தது. மறுநாள் காலையில் கம்பனியில் என்ன நடந்தது தெரியுமா? மூலையில் கிடந்த இரும்பு மூடியைத் தூசு தட்டி எடுத்து, மெசினில் பழையபடி பூட்டினார்கள். மூடிக்கு வேலை திரும்பக் கிடைத்தது, சபையோரே. கையை இழந்தவருக்குத்தான் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆசுப்பத்திரிக்கு முதலாளி அவர்கள் ஒரு கூடை தோடம்பழம் அனுப்பினார். நல்ல தோடம்பழம். சட்டம் கொடுக்கச் சொன்னதையும் பிறகு கொடுத்தார்கள். சட்டப்படி கொடுத்ததை இன்று நோட்டீஸில் "நன்கொடை" என்று அச்சடித்திருக்கிறார்கள். அச்சுக்கூடத்துப் பிழையாக இருக்கும் என்று நான் பெருந்தன்மையோடு எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்த மேரிஜோசப்பின் முதல் மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தா. சூசையம்மா என்னிடம் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டா. ஊர்ச்சனம் வரும், பார்க்கும், ஐயோ என்னும், போகும். பாவம் பிள்ளை, இனி ஆர் கலியாணம் முடிப்பினம், இனி என்ன செய்யும் என்று வாசலில் நின்றே கதைக்கும். அந்த இரக்கத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் அவவுக்கு எழும்பவேண்டும் என்று வந்ததாம். ஒருநாள் எமிலி வந்து, நீ இல்லாமல் எனக்குக் கொட்டிலில் வாய் திறக்க ஆளில்லை, எப்ப வாறாய் என்று கேட்டாவாம். விபத்துக்குப் பிறகு ஐயோ என்று தொடங்காத முதல் வார்த்தை அது. அன்றே கரித்துண்டை எடுத்து, இடது கையால் தன் பெயரைச் சுவரில் எழுதிப் பார்த்தா. கோணலாக வந்தது. அழித்து எழுதினா. தலை பின்னப் பழகினா. வெங்காயம் அரியப் பழகினா. பழகிய பிறகு, காயமும் ஆறிய பிறகு, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வேலைக்குப் போனா.

வாசலில் முகாமையாளர். இன்னும் கொஞ்சம் ஆறுதலாக இரும் பிள்ளை என்றார். திரும்பி வந்தா. பிறகும் போனா. டொக்டர் சொல்லவேண்டும் என்றார். டொக்டரும் வேலை செய்யலாம் என்று சொன்னார். பிறகும் போனா. உம்மால் இறால் உரிக்க ஏலாதே என்றார். "ஓம், உரிக்க ஏலாது ஐயா. நிறுக்கிற மேசையிலை நிக்க ஏலும். கூடையைத் தூக்கி வைக்கிறது ஆம்பிளையள்தானே. நிறையைப் பாத்து எழுத எனக்கு ஒரு கை காணும்" என்று அவ சொன்னா.

நியாயமான பேச்சா இல்லையா? பின்வரிசையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். ஓம் என்கிறீர்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் முதலாளியின் முகத்தைப் பார்க்கிறார்கள். முன்வரிசைக்குக் கதிரை போட்டவர் கம்பனிக்காரர். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அதற்கு முகாமையாளர் சொன்ன மறுமொழியைத்தான் நீங்கள் கேட்கவேண்டும். கதவை அரைவாசி சாத்திக்கொண்டு சொன்னாராம்:

"உம்மடை கையைப் பாத்தா மற்றப் பிள்ளையளுக்குப் பயம் வரும். வெளிநாட்டுக்காரரும் வந்து பாக்கிறவை."

பயம் வருமாம். மூடியில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு சுற்றிய மெசினைப் பார்த்துப் பயம் வரவில்லை. அதைக் கழற்றச் சொன்ன வாயைப் பார்த்துப் பயம் வரவில்லை. உழைத்து, ஊனமுற்று, ஊனமுற்ற பின்னும் உழைப்பேன் என்று வாசலில் வந்து நிற்கிற ஒரு பெண்ணின் கையைப் பார்த்தால் பயம் வருமாம். யாருக்குப் பயம்? எமிலிக்கா? அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு லொறியில் போனவவுக்கா பயம்? இல்லை, ஐயா. அந்தக் கை நாள்தோறும் கண்முன்னால் நடமாடினால், யார் செய்த வேலை இது என்று நாள்தோறும் ஒரு கேள்வியும் கூடவே நடமாடும். பயம் அந்தக் கேள்விக்கு. பயப்படுகிறவர்கள் பெண்கள் அல்ல.

பிறகு ஒருநாள் முகாமையாளர் யாழ்ப்பாணம் போயிருந்தார். அன்று யாரோ வாசல் கதவைத் திறந்து, மேரிஜோசப்பினை உள்ளே விட்டார்கள். யார் என்று கேட்கிறீர்களா? முகாமையாளர் அவர்களும் அதைத்தான் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டு திரிகிறார். என்னிடமிருந்து தெரிந்துகொள்ளலாம் என்று முன்னால் சாய்ந்து உட்காருகிறார். நன்றாகச் சாய்ந்து இருங்கள் ஐயா, கதிரை வசதியானது.

அன்று முழுவதும் மேரிஜோசப்பின் நிறுக்கிற மேசையில் நின்றா. நிறை பார்த்தா, எழுதினா, அடுத்த கூடைக்குக் கூப்பிட்டா. இரண்டு கையும் வேண்டிய இடத்தில் பக்கத்தில் நின்றவர் பலகையைப் பிடித்துக்கொண்டார். மேசையில் ஒரு பாரக்கல்லை வைத்து, கடதாசி பறக்காமல் அதன்கீழ் செருகிக்கொண்டா. அவ்வளவுதான் அந்த வேலைக்குத் தேவைப்பட்ட மாற்றம்: ஒரு கல். பொழுதுபட்டது. லொறி நேரத்துக்குப் புறப்பட்டது. யாரும் பயந்து மயங்கி விழவில்லை. அன்று மத்தியானம் எமிலியோடு இருந்து சாப்பிட்டதை எனக்குச் சொன்னபோதுதான் மேரிஜோசப்பினின் முகத்தில் சிரிப்பைக் கண்டேன். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். சும்மா, ஆக்களைப் பழிச்சனாங்கள் ரீச்சர் என்றா. யாரைப் பழித்தார்கள் என்று நான் ஊகித்துக்கொண்டேன்.

மறுநாள் முகாமையாளருக்கு விஷயம் எட்டியது. ஏசுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஏசவில்லை. ஏசினால் அவவுக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது என்றாகிவிடுமே. அதனால்தான் இந்த விழா. வேலை கேட்டவவுக்கு விழா. மேசை கேட்டவவுக்கு மேடை. பாருங்கள், எவ்வளவு நுட்பம். ஊரைக் கூட்டி, ஒலிபெருக்கி கட்டி, குருவானவரையும் குருக்களையும் ஒரே வரிசையில் இருத்தி வாழ்த்திவிட்டால், நாளைக்கு எந்த முகத்தோடு வாசலில் வந்து நிற்பாய் என்று கேட்கலாம். படமெடுக்கிற தம்பி சற்று முன் அவவிடம் என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது. அக்கா, பொன்னாடையைக் கொஞ்சம் இழுத்து அந்தக் கையை மூடுங்கோ, பேப்பரிலை வரும் என்றார். தம்பியில் பிழையில்லை. சொல்லச் சொன்னதைச் சொன்னார்.

காயப்பட்ட தொழிலாளியை என்ன செய்வது, கம்பனி தர்மசாலையா என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். நயினாதீவு அன்பர்களே, இன்றைக்கு உங்களைக் கடல் கடந்து கொண்டுவந்து சேர்த்தவர் யார்? வின்சன்ற் அண்ணை. அதோ, வேப்பமரத்தடியில் பொல்லை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். போன சோளகக் காற்றுக் காலத்தில் லோஞ்சுக்கும் துறைமுகக் கட்டுக்கும் இடையில் அவருடைய கால் நசிந்தது. அதன்பிறகு அவரால் நின்று சுக்கான் பிடிக்க ஏலாது. லோஞ்ச் முதலாளி சந்திரமௌலீசனை உங்களுக்குத் தெரியும். அவரை நான் மகான் என்று சொல்லவரவில்லை. ஆட்டுக்கும் ஆளுக்கும் ஒரே கட்டணம் வாங்குகிற மனிதர் அவர். சிரிக்கிறீர்கள், கொடுத்து அனுபவப்பட்டவர்கள்போல. ஆனால் அந்த மனிதர் வின்சன்ற் அண்ணையின் வீட்டுக்குப் போனார். பழக்கூடை கொண்டுபோகவில்லை. ஒரு கேள்வி கொண்டுபோனார்.

"வின்சன்ற், என்னத்தை மாத்தினா உம்மாலை ஓட்ட ஏலும்?"

இருந்து ஓட்ட உயரமான வாங்கு ஒன்று வேண்டும், பிடிக்க ஒரு கம்பி வேண்டும் என்றார் வின்சன்ற் அண்ணை. தச்சன் வந்தான். வாங்கு வந்தது. கம்பி வந்தது. வின்சன்ற் அண்ணையும் வந்தார். இன்று நீங்களும் வந்தீர்கள்.

அந்த ஒரு கேள்வியைக் கேட்க என்ன படிப்பு வேண்டும்? என்ன பட்டம் வேண்டும்? கடற்செல்வம் கம்பனியில் கல்விமான்கள் இல்லையா? இங்கிலீஷில் கையெழுத்து வைப்பவர்கள் இல்லையா? தோடம்பழம் வாங்கக் கடைக்குப் போகத் தெரிந்தது, பொன்னாடை வாங்க யாழ்ப்பாணம் போகத் தெரிந்தது, அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அல்லைப்பிட்டிக்குப் போக ஒருவருக்கும் கால் வரவில்லையே. ஆட்டுக்கும் ஆளுக்கும் வேறுபாடு பாராத லோஞ்ச் முதலாளியிடம் நீங்கள் பாடம் படிக்கவேண்டி வந்துவிட்டதே. அதை நினைக்க உங்களுக்கு வெட்கமாக இருக்கிறதோ இல்லையோ, உங்களுக்காக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலாளி அவர்கள் என்னிடம் ஏதோ சொல்கிறார். பொறுங்கள். சபையோரே, முதலாளி அவர்கள் சொல்கிறார், இதை ஒபிசில் தனியாகக் கதைக்கலாமே ரீச்சர் என்று. ஐயா, தனியாகக் கதைத்துத்தானே அவவை இந்த மேடைவரைக்கும் கொண்டுவந்தார்கள். அனுப்பிவைப்பதை ஒலிபெருக்கியில் செய்யலாம், திரும்ப எடுப்பதை மட்டும் ஒபிசுக்குள் செய்யவேண்டுமா?

நான் இனி வாழ்த்துவதற்கில்லை. வாழ்த்தப்படுகிறவரிடம் கேட்டுவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்தேன். எல்லாத்தையும் சொல்லுங்கோ ரீச்சர், ஆனால் அழுது சொல்லாதேங்கோ என்றா. நான் அழவில்லை. மிச்சத்தை அவவே சொல்லட்டும். பிள்ளை, இங்கே வாரும். ஒலிபெருக்கியை உமது பக்கம் திருப்புகிறேன்.

பின்னால் கேட்டிருக்காது. அவ மெதுவாகச் சொன்னா. மேரிஜோசப்பின் சொன்னதை நான் திரும்பச் சொல்கிறேன்.

"நான் நாளைக்கு வேலைக்கு வாறன். நிறுக்கிற மேசைக்கு."

அவ்வளவுதான். கண்ணீர் இல்லை, கவிதை இல்லை.

அதோ, எமிலி எழும்பி நிற்கிறா. அவவின் வரிசை எழும்புகிறது. பின்வரிசையும் எழும்புகிறது. ஒருவரும் சத்தம் போடவில்லை, பாருங்கள். இறால் காலத்தில் இத்தனை பெண்கள் ஒன்றாக எழும்பி நிற்பதைக் கம்பனி இதுவரை கண்டதில்லை. நாளைக்கு இவர்கள் உள்ளே போவதும் வெளியே நிற்பதும் மேரிஜோசப்பின் எங்கே நிற்கிறா என்பதைப் பொறுத்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. முதலாளி அவர்கள் வியாபாரி. கண்ணால் கண்டதை நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவர்.

தலையாட்டுகிறார். ஐயா, தலையாட்டுவது ஒலிபெருக்கியில் கேட்காது.

"வரட்டும்" என்கிறார். கேட்டீர்களா? தலைவர் அவர்களும் கேட்டார். குருவானவரும் குருக்களும் கேட்டார்கள். வரட்டும் என்றார். இதற்காக அவரை வள்ளல் என்று நான் வாழ்த்தமாட்டேன். ஆளைப் பறித்த இடத்தில் திரும்ப விட்டதற்குப் பெயர் வள்ளன்மை அல்ல. முகாமையாளர் அவர்கள் நிலத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். நல்ல நிலம்.

நன்றி சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்டு அமர்கிறேன். சுவிச்சை அடித்த எமிலிக்கு நன்றி. இறால் பெட்டிகளைத் தரையில் இறக்கிய கைகளுக்கு நன்றி. வாசலைத் திறந்த, நான் பெயர் சொல்லாத அந்த ஒருவருக்கு நன்றி. என் பேச்சைப் பொறுத்த தலைவர் அவர்களுக்கு நன்றி.

கடைசியாக அல்லைப்பிட்டிச் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். நாளைக்கு முதல் பஸ்ஸில் மேரிஜோசப்பின் வருவா. ஏறுகிறவர்கள் அவவுக்கு ஒரு இடம் பிடித்து வையுங்கள். பாவம் என்று பிடிக்கவேண்டாம். ஓடுகிற பஸ்ஸில் ஒரே கையால் கம்பியையும் பிடித்து ரிக்கற்றும் எடுக்க ஏலாது, அதற்காகப் பிடியுங்கள்.

வணக்கம்.